நேரமில்லை

சகல்தாயா. ஐயாயிரத்து இருநூறு மீட்டர்.
இங்கே மூச்சை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.
எவுசேபியா கோக்கா இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
கருவியின் மூடியைத் தட்டுகிறாள்.
டிக். டிக்டிக்.
வெகுநேரம் கழித்து, டிக்.

ஒவ்வொரு டிக்கும் ஒரு மியுவான்.
உச்சி வானில் பிறந்தது. அதன் ஆயுள்
ஒரு நொடியைப் பத்து லட்சமாய் நறுக்கினால்
இரண்டு துண்டு, கூட ஒரு விள்ளல்.
அதற்குள் அறுநூறு மீட்டர் ஓடலாம்.
ஓடி வந்திருப்பதோ பத்து கிலோமீட்டர்.

"டிக்கெட் எடுக்காமல் வந்ததா?" என்கிறாள்.

இல்லை.
நம் கடிகாரம் வைத்துப் பார்த்தால் அதன் நொடி இழுபடுகிறது.
அதைக் கேட்டால், என் நொடி நொடிதான்,
உங்கள் ஆகாயம்தான் குள்ளம் என்கும்,
ஐந்நூறு மீட்டர்கூடத் தேறாது என்கும்.
இரண்டு கணக்கும் சரி.
டிக் மட்டும் ஒன்று.

இன்னும் விரைந்தால்?
இன்னும் குறுகும்.
ஒளியாகவே ஓடினால்?
ஒளியைத்தான் கேட்க வேண்டும்,
பதில் சொல்ல அதற்கு நேரமில்லை.

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
நான் சொன்னது வேடிக்கையில்லை என்பது
எனக்கு முன்பே அவளுக்கு எட்டிவிட்டது.

சன்னலுக்கு வெளியே வெறும் கல்சரிவு.
ஆயிரமாயிரம் ஆண்டு உறைந்து கிடந்த பனியாறு
அவள் மகன் வில்மர் பள்ளி முடிக்குமுன் தீர்ந்துபோனது.
அதைச் சொல்லும்போது கையை முன்னே நீட்டுகிறாள்.
ஐமாராவில் கடந்த காலம் கண்ணெதிரே இருக்கிறது.
வரப்போவதற்கு, கட்டைவிரல்
தோளுக்குமேல் முதுகைக் காட்டுகிறது.

"உன் மொழியில் எப்படி?"

எங்களுக்கு அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
முன்பு. முன்னாள். முன்னோர்.
அப்புறம், பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.
முப்பத்தேழு வருடமாய் நானும்
முதுகால்தான் நடந்து வந்திருக்கிறேன்.

கீழே எல் ஆல்டோ, சிந்திய உப்புபோல் விளக்குகள்.
ஒன்றைச் சுட்டி, அதுதான் எங்கள் வீடு என்கிறாள்,
பாவி அணைக்காமலே தூங்கிவிட்டான்,
மின்கட்டணம் யார் கட்டுவது?
அங்கிருந்து இவள் கண்வரை
பேருந்துக்கு இரண்டு மணிநேரம், சாலை நன்றாயிருந்தால்.
வந்து சேர்ந்த வெளிச்சத்துக்கோ
புறப்பட்டதும் சேர்ந்ததும் ஒன்றே,
நடுவில் மலையே இல்லை.

பதிவேட்டை இழுத்துக்கொள்கிறாள்.
'நேரம்' என்ற கட்டத்தில் பேனா சற்றுத் தயங்கியது.
பிறகு எழுதினாள்:
3.40. நம்முடையது.