அரை சென்டிமீட்டர்

எண்ணெய் இல்லை, அமுக்கு இல்லை.
எண்ணூறு ரூபாய்க்கு,
துணியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடுவதுபோல்
விரல் மட்டும்.

வீக்கம் வலக்கையில்.
ஜெசிந்தா தொடங்கியது கழுத்தில்.
"கை இங்கிருக்குதுங்" என்றேன்.
"கடைமடை காலியாகோணுங்க,
அப்பறந்தான் மேல தொறக்கலாம்."
வாய்க்கால் தண்ணிக்கு முறை வைத்துக்
காத்திருக்கும் ஊர்க்காரி நான்,
வாயை மூடிக்கொண்டேன்.

மார்பு இருந்த இடத்துத் தழும்பைச்
சுற்றிக்கொண்டு போனாள்.
தோள், முழங்கை, மணிக்கட்டு,
பிறகு திரும்ப மேலே.
பாதியில் தூங்கிவிட்டேனாம்.
குறட்டையும் உண்டாம்.
எழுந்ததும் பாத்ரூம், இரண்டு தடவை.
அதையும் முன்னமே சொல்லியிருந்தாள்.

அளவெடுக்க டேப்பை இறுக்கினாள்.
"இளக்கிப் பிடிங்க கண்ணு,
கவுந்தப்பாடியில இருவது வருசமா
ஜாக்கெட் தைக்கிறவ சொல்றேன்."

"அரை சென்டிமீட்டர்தானுங்க கொறஞ்சிருக்குது."
தான் என்கிறாள்.
அரை சென்டிமீட்டருக்குத்தான்
வைகாசி முகூர்த்தத்தில்
பாதிப்பேர் என்னோடு சண்டைக்கு வருவது.

கட்டுச் சுற்றிய கையோடு
ஈரோட்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.
பிரித்துவிட்ட வலது கையை
இப்போதே மிசினில் பிடிக்க வேண்டாம்.
ஓட்டுத்தையல் போதும்.