பட்டியலோடு ஒப்பிடுதல்

குருநகர் கடற்றொழிலாளர் சங்கத்தில்
மூன்று கணினிகள் சாகக் கிடந்தன.
ஒன்றில் கணக்கு.
ஒன்றில் ஐஸ் அறையின் வெப்பநிலை.
மூன்றாவதில் நண்டு நிறுக்கும் புரோகிராம்;
எழுதினவன் கனடா போய்ப் பதினாறு வருசம்,
பழைய விண்டோஸை விட்டால் வேறெதிலும் மூச்சு விடாது.

மூன்றையும் ஒரு பெட்டிக்குள் குடிவைக்கலாம் என்று
கூட்டத்தில் எழும்பிச் சொன்னது நான்தான்.
"ஒரு பெட்டிக்குள்ள மூண்டோ?" என்றார்
பொருளாளர் மரியசீலன்.
"ஓம். ஒவ்வொண்டும்
தான் மட்டும்தான் இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு ஓடும்."
"எங்கட நிர்வாகசபை மாதிரி" என்றது
பின்வாங்கில் ஒரு குரல்.
சிரிப்பு அடங்க முதல்
நாலரை லட்சம் என்று தீர்மானம் எழுதிவிட்டார்கள்.

நாலரை லட்சத்துக்குள் ஒரு சேர்வர்.
மூன்று இரவு பட்டியலோடு இருந்தேன்:
எந்தப் பிறொசசர் விருந்தாளிகளைத் தாங்கும்,
எந்த மதர்போட்
தராசின் காட்டைக் கழற்றாமலே
ஒரு விருந்தாளியின் கையில் தனியாகக் கொடுக்கும்,
எந்த றாம் தன் பிழையைத் தானே திருத்தும்.
கடைசியில் சொன்னதற்குத்தான் காசு கூட.
விட்டுக்கொடுக்கவில்லை.
எங்கோ ஒரு பூச்சியம் ஒன்றாகப் புரண்டால்
நண்டின் எடை மாறும்.
எடை மாறினால் இந்தத் துறையில் என்ன நடக்கும் என்று
றாம் செய்தவனுக்குத் தெரியாது.

நெற்வேர்க் காட்டில் வந்து நின்றேன்.
பட்டியலில் இருந்தது 'எல்' இல் முடிகிறது.
கஸ்தூரியார் வீதியில்
டிலக்சன் எடுத்து வைத்தது 'வி' இல் முடிகிறது.
"அக்கா, ஒரு எழுத்துத்தானே.
உது ஓடும். நான் பொறுப்பு."

ஒரு எழுத்து.
அடையாள அட்டையில் ஒன்று,
அவர்கள் கையிலிருந்த தாளில் இன்னொன்று என்று
அப்பா காவலரணடியில்
காலமை ஏழிலிருந்து பின்னேரம் மட்டும் நின்றது
டிலக்சன் பிறக்க முன்னம்.
அதை அவனுக்குச் சொல்லவில்லை.
காட்டுக்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?
ஆனாலும் 'ஒரு எழுத்துத்தானே' என்பதை
விலை குறைத்துத் தந்தாலும்
எனக்கு வாங்க வராது.

மூடிப்போன லீசிங் கொம்பனி ஒன்றின் சேர்வரிலிருந்து
கழற்றின காட் ஒன்று அவனிடமே கிடந்தது.
தூசு. ஆறாயிரம்.
'எல்' இல் முடிந்தது.
இறேசரால் அதன் பொன் பற்களைத் தேய்த்து
உப்பைக் கழற்றினேன்.

எல்லாம் பட்டியலில் உள்ளவை.
பூட்டினால், பிறொசசரின் விசிறி
நாலாவது றாமின் தலையில் குந்தியிருக்கிறது.
இரண்டு மில்லிமீற்றர்.
எந்தப் பட்டியலும் இதைச் சொல்லவில்லை.
வாசலில் நின்ற மரியசீலன்
எஞ்சின் திருத்தும் குறட்டோடு வந்து
"எவ்வளவு வெட்ட?" என்றார்.
பயந்து பயந்து காட்டினேன்.
அலுமினியச் செதிலில்
நகம் வெட்டுவதுபோல ஒரு நறுக்.
றாம் உள்ளே இறங்கி 'டிக்' என்றது.
அவர் குறட்டைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு
தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

விடிய நாலரை.
ஒரு பெட்டி, மூன்று தனிமைகள்.
இடையில் ஒருக்கால் கரண்ட் போய்
யூ.பி.எஸ். கத்தி
பிறகு அடங்கியிருந்தது.
முதல் கூடை வினிபிறிடா அக்காவுடையது.
தட்டில் ஒரு நண்டு காலை உதறியது.
பழைய விண்டோஸின் நீலத்திரை மூலையில்
நானூற்றுப் பத்துக் கிராம்.

அவ திரையைப் பார்த்தா.
என்னைப் பார்த்தா.
மடியிலிருந்து தன் கைத்தராசை எடுத்து
அதே நண்டை
இன்னொருக்கால் தூக்கிப் பிடித்தா.
முள் ஆடி நிற்கும்வரை
ஒருவரும் கதைக்கவில்லை.

பிறகுதான் கையெழுத்து.