வடுவூர் வளைவு

மன்னார்குடியில் விடியாத நாலே முக்கால்.
டவேராவைச் சந்திலிருந்து
பின்னால் எடுத்து ஒடிக்கும்போதே
முதல் முனகல்.
நாய்களுக்குப் பழகிவிட்டது.
எதிர்வீட்டு சரபோஜிதான்
இன்னும் ஜன்னலைச் சாத்துகிறார்.

நேரே போனால் ஒன்றுமில்லை.
ஸ்டீயரிங்கை ஒடித்தால் போதும்,
வடுவூர் ஏரிக்கரை வளைவில்
அடிவயிற்றிலிருந்து தொடங்கி
ஏறி
உச்சியில் நின்று
வண்டி நிமிர்ந்த பிறகே அடங்கும்.

பட்டறைக்காரர் மூன்று பேர்,
வியாதி மூன்று.
பெல்ட் என்றார் ஒருவர்.
ஓடும் பெல்ட்டில் தண்ணீர் தெளித்தோம்,
சத்தம் மாறவில்லை.
இருந்தும் மாற்றினார்,
எண்ணூற்றைம்பது.
ராக் போயிருக்கும் என்றார் அடுத்தவர்
அடியில் படுத்துப் பார்க்காமலே.
பம்ப் முடிஞ்சுபோச்சு என்றார் மூன்றாமவர்.
புதுசு பதினாலாயிரம்,
பழசு கிடைத்தால் ஆறு,
பழசுக்கு நான் பொறுப்பில்லை.

செவ்வாய், வியாழன், சனி
பின்சீட்டில் பிரபாவதி.
கூட்டுறவு சங்கத்தில்
நகைக்கடன் ரசீது எழுதுகிறவர்.
தஞ்சாவூரில் நாலு மணிநேரம் டயாலிசிஸ்.
வாடகையில் முந்நூறு குறைத்துக்கொள்கிறேன்,
அதைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை.

அந்த வியாழன் வளைவு முடிந்ததும்
கண்ணைத் திறக்காமல் சொன்னார்:
"இது பம்ப் கெட்டுப்போன சத்தமில்லைங்க.
காத்து புகுந்த சத்தம்."

எப்படித் தெரியும் என்றேன்.

"என் மிஷின்ல ஒரு குமிழி போதும்,
கத்தி வார்டையே கூட்டிரும்.
அதுக்காக நர்ஸு மிஷினையா மாத்துறாங்க?
டியூபைத் தடவிப் பாக்குறாங்க,
எங்க தளந்திருக்குன்னு."

அவரை உள்ளே விட்டுவிட்டு
ஆஸ்பத்திரி மதிலோரம்
தூங்குமூஞ்சி மரத்தடியில் பானட்டைத் திறந்தேன்.
எண்ணெய் டப்பாவின் மூடியைத் திருகினால்
உள்ளே நுரை,
தூக்கி ஆற்றிய டீ மாதிரி.
டப்பாவிலிருந்து பம்புக்கு இறங்கும் ரப்பர் குழாயைத்
தடவினேன்.
நுனி கருவாடாய் இறுகிக் கிடந்தது.
கிளாம்ப், கேட்பாரில்லாமல் சுற்றியது.
தரையில் ஒரு சொட்டு இல்லை.
அதில்தான் மூன்று பேரும் ஏமாந்தார்கள்,
நானும்.
உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால்
எண்ணெய் வெளியே வருவதில்லை,
காற்றுதான் உள்ளே போகிறது.

கீழவாசலில் கிளாம்ப் இரண்டு, ஐம்பது ரூபாய்.
எண்ணெய் ஒரு லிட்டர்.
அதன் நிறத்துக்கு வேறொரு பெயர்
வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

இறுகிய நுனியை ஓரங்குலம் நறுக்கி
மிச்சத்தை இழுத்து மாட்டி முறுக்கினேன்.
பழையதை வடித்துப் புதியதை ஊற்றி
முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி
எஞ்சினை அணைத்தபடியே
இடக்கோடிக்கு ஒடி, வலக்கோடிக்கு ஒடி.
ஒவ்வொரு ஒடிப்புக்கும்
டப்பாவில் பொட்டுப்பொட்டாய்க் காற்று மேலே வந்தது.
வாட்ச்மேன் யோகநாதன் எட்டிப்பார்த்து
"நிக்கிற வண்டியில எங்க போறீங்க?" என்றார்.
இருபது, இருபத்தைந்து,
ஊற்றி, காத்திருந்து, மறுபடியும்.
உள்ளே அவருக்கும்
ஒன்றரை மணிநேரம் பாக்கியிருந்தது.

பிறகு சாவியைத் திருப்பினேன்.
எஞ்சின் சத்தம் மட்டும்.
முழுசாய் ஒடித்தேன்.
எஞ்சின் சத்தம் மட்டும்.

முழங்கையில் பஞ்சோடு வந்து உட்கார்ந்தார்.
மணிமண்டபத்தைச் சுற்றும்போது
கண்ணாடியில் பார்த்தேன்.
லேசாகத் தலையாட்டினார்,
ரசீதில் தொகை சரியாய் இருப்பதுபோல.

வடுவூர் வரை பேச்சில்லை.
சீட்டுக்கடியில் ஏதோ உருண்டது,
காலி தண்ணீர் பாட்டில்.
எத்தனை மாதமாய் உருள்கிறதோ.

"போன மாசமே சொல்லியிருக்கலாம்" என்றார்,
"அந்தச் சத்தத்துலயே காதை வெச்சுக்கிட்டு
என்னை ஒண்ணும் கேக்காம வந்தீங்க.
எனக்கு அது நல்லாருந்துச்சு."

ஏரி வந்தது.
வளைவு வந்தது.
இரண்டு விரலால் ஒடித்தேன்.
இனி நான்
ஏதாவது கேட்டாக வேண்டும்.