தொண்ணூற்றாறு குழிகள்

இரண்டு பைகள் வந்தன.
ஒன்று தெலுக் பஹாங் காட்டுச் சீந்தில்.
ஹல்மி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி
மழையோடு கொண்டுவந்தான்.
தண்டெல்லாம் பரு. பருவுக்குள் பாசி.
குடிபெயர மறுத்த எறும்புகள்.

மற்றது பாலிக் பூலாவ் தோட்டத்துச் சீந்தில்.
கம்பியில் ஏறியது, குழாய்த் தண்ணீர் குடித்தது.
சாண் சாணாக நறுக்கி
முதல் நாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைபோல்
பெயர் ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

கொதிநீரில் இரண்டும் ஒரே நிறமாகத்தான் இறங்கின.
ருசி பார்க்காதே என்கிறது சுவர்.
பார்க்கவில்லை.
கையுறை கழற்றி வெகுநேரம் கழித்து
காயா ரொட்டி தின்றபோது
ரொட்டி கசந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
ஒவ்வொன்றின் அடியிலும் எலியின் விழுங்கணுக்கள்,
முப்பத்தேழு பாகைச் சூட்டில்,
யாராவது வரட்டும் என்று.
சொட்டினேன்.
விழித்துக்கொண்டால் மறுநாள் சாயம் சிவக்கும்.

காட்டு வரிசை சிவந்திருந்தது.
வெட்கமா கோபமா தெரியவில்லை.
தோட்டத்து வரிசை
வெற்றிலை போட மறந்த வாய்.

மூன்று மடங்கு! என்றார் திரு. ஊய்,
பொட்டலத் தேநீர்க் கம்பெனிக்காரர்.
அவர் மனதில் அப்போதே
ஒரு பச்சைப் பெட்டி அச்சாகிவிட்டது:
நோய் எதிர்ப்புச் சக்தி, தங்க எழுத்தில்.

நான் வாய் திறக்கவில்லை.
எனக்கு அந்தச் சக்தி கொஞ்சம் அதிகம்.
ஆறு வருடமாக அது
என் விரல் மூட்டை அந்நியன் என்கிறது.
கன்னத்தில் வெயில் பட்டால் வழக்குப் போடுகிறது.
காலையில் பைப்பெட் பிடிக்குமுன்
வெந்நீர்க் குழாயின் கீழ் கையைக் காட்டி
நான்தான், நான்தான் என்று சொல்லவேண்டியிருக்கிறது.
மாதத்தில் ஒரு செவ்வாய், பொது மருத்துவமனையில்
அதைத் தூங்கவைக்க மாத்திரை தருகிறார்கள்.

சீந்திலுக்கு இன்னொரு பெயர் அமிர்தவல்லி.
என் பணியாளர் அட்டையிலும் அதே பெயர்.
ஹுய் லிங் கேட்டுச் சிரித்தாள்:
அப்படியானால் நீ காடா, தோட்டமா?
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி, பதினேழாம் தளம், என்றேன்.

இரவில் மீண்டும் ஒரு தட்டு.
இம்முறை ஒரு வரிசையில்
நுண்ணுயிர்ச் சுவரின் துணுக்குகளைக்
கட்டிப்போடும் மருந்து.
காட்டின் சிவப்பு முக்கால்வாசி வடிந்துவிட்டது.

கூச்சல் போட்டது கொடியல்ல.
கொடிமேல் குடியிருந்தவை.
செத்தபின்னும், கொதித்தபின்னும்
பாக்டீரியா விட்டுப்போன மேலாடை,
பருவில், பாசியில், எறும்பின் காலில்.
காடு தனியாக வரவில்லை.
அழைத்தவர் அழைக்காதவர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு
கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்திருந்தது.

கால்வாசி மிச்சம்.
அது கொடியின் சொந்தக் குரலா,
என் மருந்து போதவில்லையா?
டாக்டர் ரொஸ்னாவுக்கு எழுதினேன்:
கழுவித் திரும்பச் செய்யவேண்டும்.
மூன்று மடங்கு என்று யாரும் அச்சடிக்க வேண்டாம்.
அனுப்பும் பொத்தானை நடுவிரலால் அழுத்தினேன்,
சுட்டுவிரல் மடங்கவில்லை.

ஜன்னலோரம், சான்றுக்கு வைத்த துண்டுகள்.
வெட்டி மூன்று வாரம். மண் இல்லை, நீர் இல்லை.
தோட்டத்துத் துண்டு, அந்தச் சமர்த்துப் பிள்ளை,
பையின் ஓட்டை வழியாக
நூல்போல் ஒரு வேரை வெளியே விட்டிருந்தது,
பாலத்து விளக்குகள் தெரிகிற பக்கமாக.

விதிப்படி அதைக் கட்டி
எரிக்க அனுப்பவேண்டும்.
நாளை செவ்வாய்.
எனக்கு விடுப்பு.