காபன் திமிங்கிலம்

கச்சேரி வாசலில் மனு அடிக்கும்
கதிர்காமத்தம்பியிடம் கேட்டு வாங்கினேன்
தேய்ந்த காபன் தாள் நாற்பத்தாறு.
"என்னத்துக்குப் பிள்ளை?"
"திமிங்கிலத்துக்கு."
மேலே கேட்கவில்லை.
இதைவிட விசித்திரமான காரணங்களை
அவருடைய தட்டச்சு பார்த்திருக்கும்.

கடையில் விற்கிற எந்த நீலமும்
உவர்மலையில் நின்று பார்க்கிற
உள்துறைமுகத்தின் ஆழத்துக்கு வரவில்லை.
காபன் வந்தது.
சாய்த்துப் பிடித்தால்
காகத்தின் செட்டை.
தொட்ட இடமெல்லாம் ஒட்டியது:
தேத்தண்ணிக் கோப்பை, திறப்பு,
வாடகை வாங்க வந்த ஃபிலோமினா அன்ரியின்
வெள்ளைக் கைப்பை.

கடலுக்குச் சீமெந்துப் பை.
உள்தாளை உரித்து டச்சுக் குடாவில்
இரண்டு இரவு ஊறவைத்தேன்.
வெயில் பட உப்புப் பூத்தது.
வானத்துக்கு,
துருவேறிய சங்கிலியொன்றை
வினாகிரியில் நனைத்த தாளால் சுற்றி
விடியும்வரை விட்டுவைத்தேன்.
அவிழ்த்தபோது
அந்தி கிடந்தது, கண்ணி கண்ணியாக.
மழையை மட்டும் தைத்தேன், வலை நூலால்.
விரலில் மூன்று பொத்தல்.

பசை நான் காய்ச்சுவது.
கோதுமை மா, தண்ணீர், பூச்சிக்குக் கொஞ்சம் துரிசு.
பதினோராம் பக்கத்துக்குக் காய்ச்சிய அன்று
துரிசு போட மறந்தேன்.

இந்த ஊர் மான்களுக்குக் காடு வேண்டாம்.
பஸ் நிலையத்தில் படுத்து
மரக்கறிக் கடையில் சாப்பிட்டு
மதியத்துக்குச் சுவரொட்டி தின்னும்.
பக்கத்தை முற்றத்தில் காயவைத்துவிட்டுப்
பாண் வாங்கப் போய் வந்தேன், அவ்வளவுதான்.
கொம்பில்லாத ஒன்று
திமிங்கிலத்தின் வாலை
ஆறுதலாக மென்றுகொண்டு நின்றது.
முகத்தில் ஒரு குற்றமும் இல்லை.
உதடு நீலம்.

காபனை வெளிச்சத்தில் பிடித்தால்
எழுத்துகள் திரும்பி நிற்கும்.
வேண்டுமென்று வாசித்ததில்லை நான்.
ஆனாலும் ஒட்டும்போது கண்ணில் படும்,
ஒன்றன்மேல் ஒன்றாக,
காணி உறுதி, ஓய்வூதியம்,
எனது மகன், எனது மகன்,
ஒரு திகதி.
வாலில் இருந்தது யாருடையதோ.
எந்தக் கந்தோரும் அத்தனை சீக்கிரம்
ஒரு மனுவை உள்ளே எடுத்ததில்லை.

ஒரு கிழமை
கோட்டை வாசல் வரை போய்ப் போய்ப் பார்த்தேன்.
எல்லா மானுக்கும் கறுத்த உதடு.

கொழும்பிலிருந்து நுஸ்ரத் அழைத்தாள்.
"திமிங்கிலத்தின் தோலில் எழுத்து மாதிரி ஏதோ...
துடைத்துவிடலாமா?"
"சிப்பி," என்றேன்.
"கனகாலம் நீந்தினால் ஒட்டும்."
அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு, "சரி. வால் எங்கே?"
"தண்ணீருக்குள்."
கடித்த விளிம்பை வெட்டி நேராக்காமல்
அப்படியே உப்புத் தாளில் ஒட்டியிருந்தேன்.
இந்த முறை துரிசு போட்டு.

புத்தகம் வந்தது. மினுங்கியது.
ஸ்கேனர் எல்லாவற்றையும் அமத்திவிட்டிருந்தது.
உப்புக்குப் பதில் உப்பின் படம்,
மழைக்குப் பதில் நூலின் படம்.
கிழிந்த ஓரங்களின் கீழே மட்டும்
மயிரிழை நிழல்
தப்பிக் கிடந்தது.

சாம்பல்தீவுப் பள்ளிக்கூடத்தில்
பிள்ளைகளுக்குக் காட்டப் போனேன்.
இரண்டாம் வகுப்புக் கபிஷா
பதினொன்றில் நின்றுவிட்டாள்.
"ஆரோ கடிச்சிருக்கு," என்றாள்.
நிழலில் நகத்தை வைத்து
விளிம்பைக் கிளப்பப் பார்த்தாள்.
கிளம்பவில்லை. சுரண்டினாள்.
ஆசிரியர் "ஏய்" என்பதற்குள்
மினுக்கம் உரிந்து
வெள்ளை தெரிந்தது.

நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
ஒன்றும் ஒட்டவில்லை.
ஏமாந்த முகத்தோடு
என்னிடம் நீட்டினாள்.

நான் என் கையை விரித்துக் காட்டினேன்.