தண்ணி இருக்கா

டம்டம் பாறை வளைவு வந்தால்
மிக்கேல்ராசு கேட்பார்:
"தண்ணி இருக்கா?"
பன்னிரண்டு வருடம்
வாயில் விசிலும் தோளில் டிக்கெட் பையுமாய்
ஜன்னலுக்குக் குனிந்து நான் பார்த்துச் சொல்வேன்.
ஐப்பசியில், "வேட்டி காயப்போட்ட மாதிரி."
தையில், "நூல்."
சித்திரையில், "கறை மட்டும்."
தலையை ஆட்டிக்கொண்டு கியரை மாற்றுவார்.

அங்கே ஸ்டேஜ் கிடையாது, வண்டி நிற்காது.
ரோட்டிலிருந்து கண்ணை எடுத்தால்
ஐம்பத்தாறு பேர் பள்ளத்தில்.
அந்த அருவியை அவர் பார்த்ததே இல்லை என்பது
அவர் ரிட்டயர் ஆக மூன்று மாதம் இருக்கையில்
வத்தலக்குண்டு டீக்கடையில்
திடீரென்று எனக்கு உறைத்தது.
"பாத்து என்ன செய்ய? அதான் நீ சொல்றியே"
என்று வடையைப் பிட்டார்.

ஆனாலும் வந்தார்.
லீவு எழுதிக் கொடுத்த வெள்ளிக்கிழமை,
அதே காக்கி பேண்ட்டில்.

முன்னால் வீரணன். இருபத்தைந்து வயசு இருக்கும்.
கையில் அரிவாள், ஒரு காதில் மட்டும் இயர்போன்.
மூக்குப்பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து
எங்கள் முழங்கால் வரை பூசிவிட்டான்.
"அட்டைக்கு" என்றான்.
கொஞ்சம் யோசித்து, "பாதி அட்டை மதிக்கும்."

காப்பித் தோட்டம் வரை வழி இருந்தது.
அப்புறம் வழி என்பது வீரணனின் முதுகு.
சில்லறை பாக்கி வாங்காத ஆள் போல
பிரம்பு முள் சட்டையைப் பிடித்து நிறுத்துகிறது.
உயரத்தில் மலையணில் கடித்துத் துப்பிய தோல்
தோளில் விழுகிறது.
வேர்களில் ஏறி வேர்களில் இறங்கினோம்.
வெயில் அங்கங்கே ஐம்பது காசாய்ச் சிதறிக் கிடந்தது,
யாரும் பொறுக்காமல்.

ஓரிடத்தில் வீரணன் கையைத் தூக்கினான்.
புதருக்குப் பின்னால்
காட்டுமாடு மூச்சு விடும் சத்தம்.
மிக்கேல்ராசுவின் வலது கால்
அவரைக் கேட்காமலே
சேற்றில் பிரேக்கை அழுத்தியது.
மாடு நகர்ந்தது. அதன் வாடை நகர
இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.
அப்போதும் அவர் காலை எடுக்கவில்லை.

சத்தம் முதலில் உள்ளங்காலில் ஏறியது.
"செகண்ட் கியர்ல ஏத்தம் ஏறுது" என்றார்.
பிறகு பேச முடியவில்லை.

மரங்கள் விலகின.
எதிரே ஒரு கறுப்புப் பாறை,
அண்ணாந்த கழுத்து வலிக்கும் வரை பாறை,
அதற்கு மேல் வெள்ளைப் புகை.
வேட்டி எங்கே, நூல் எங்கே?
எங்கிருந்தோ எல்லாம் விழுந்துகொண்டே இருந்தது.
சாரல் கண்ணிலும் மூக்கிலும் அறைந்தது.
"இதுதானா நீ சொன்னது?"
உதட்டசைவில்தான் புரிந்தது.
இல்லை என்று தலையாட்டினேன்.
இதை நான் சொன்னதே இல்லை.

கண்ணாடியைக் கழற்றி
நனைந்த சட்டையில் துடைத்தார், மாட்டினார்,
மறுபடி துடைத்தார், மாட்டினார்.
கடைசியில் பையில் போட்டுவிட்டு
ஒரு பாறையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.
கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.
அவர் கைகளை அப்படி நான் பார்த்ததில்லை.

இறங்கி வந்து எண்ணினோம்.
என் காலில் பதினோரு அட்டை.
அவருக்கு ஒன்றுகூட இல்லை.
"டீசல் ரத்தம்" என்று சிரித்தான் வீரணன்.

திங்கட்கிழமை, முதல் நடை.
டம்டம் பாறை வளைவில் அவர் கேட்கவில்லை.
காத்திருந்தேன். வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.
நானே சொன்னேன்:
"ஒரே மூட்டம்ணே. ஒண்ணும் தெரியல."
ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்
"விழுந்துட்டுத்தான் இருக்கும்" என்றார்.

சாக்ஸுக்குள் அட்டை கடித்த இடம்
திரும்பவும் கசிவது தெரிந்தது.
பெருமாள்மலை இறங்குறவங்க முன்னால வாங்க,
என்று கத்தினேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக.