பதினேழாம் நம்பர் கோலி

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு மேற்கே
லாட்டரி விற்கிறேன்.
பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கி
கேரளத்து அதிர்ஷ்டத்தை மடித்து
உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போவார்கள்.
கள்ள டிக்கெட்டை விரலால் தடவியே சொல்லிவிடுவேன்.
அந்த விரல்தான் இந்த அட்டைகளில் மாட்டிக்கொண்டது.

எழுபத்தெட்டில் கொழிஞ்சாம்பாறை மிட்டாய்க் கம்பெனி
பாக்கெட்டுக்கு ஒன்றாய்ப் போட்ட
செவன்ஸ் ஆட்டக்காரர்கள், முப்பத்திரண்டு பேர்.
எறும்பு அரித்தது போக என்னிடம் இருபத்தொன்பது.
பதினேழு மட்டும் மூன்று விதம்.

முதலாவது: இன்னாசி, கோலி, வேலந்தாவளம்.
கன்னத்தில் கை. இடது மணிக்கட்டில் வாட்ச்.
பின்பக்கம் தமிழில் இருந்தால் உயரம் ஐந்தடி எட்டு,
மலையாளத்தில் இருந்தால் ஐந்தடி ஒன்பது.

இரண்டாவது அதே படம்,
பிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.
வாட்ச் வலது கைக்குப் போய்,
சட்டைப் பொத்தான் பொம்பளைச் சட்டையாகி,
பின்னாலிருக்கும் கள்ளுக்கடை போர்டில்
எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லாத எழுத்து.

மூன்றாவதில் வேறு ஆள்.
மீசை இல்லை. பிளாஷுக்குக் கண்ணை இறுக்கியிருக்கிறான்.
ஒரு கையில் மட்டும் கையுறை.
கீழே அதே பெயர்.
இதற்குத்தான் கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர்
ஒன்பதாயிரம் தருகிறேன் என்கிறார்.
சரியான முகத்துக்கு நூறு ரூபாய்.

வேலந்தாவளத்தில் இன்னாசி
எடைமேடைக் கூண்டுக்குள் இருந்தார்.
வைக்கோல் லாரி, தேங்காய் மட்டை லாரி.
சீட்டாடுகிறவள் மாதிரி
மூன்றையும் மேசையில் பரப்பினேன்.

"அன்னிக்குப் பல்வலிங்க. அதான் கன்னத்துல கை."
இரண்டாவதை வெகுநேரம் பிடித்திருந்தார்.
"இதுதான் நானு.
சவரம் பண்றப்ப தினமும் பாக்கற மூஞ்சி."

மூன்றாவதைத் தொடவில்லை.

"ஒரே ராத்திரிக்கு ரெண்டு டீம்ல அட்வான்ஸ் வாங்கிட்டேன்.
நான் சித்தூர்ல நின்னேன்.
கொல்லங்கோட்டுல என் பேர்ல வேலாண்டி நின்னான்.
செங்கச் சூளைப் பையன்.
கையுறை ஒண்ணுதான் குடுத்தேன்,
இன்னொண்ணு எனக்கு வேணுமில்ல."

சித்தூரில் அவருக்கு நாலு கோல் விழுந்தது.
கொல்லங்கோட்டில் இன்னாசி
இரண்டு பெனால்டி பிடித்தார்.

"இன்னைக்கும் அந்தப் பக்கம் போனா
என்கிட்ட டீக்குக் காசு வாங்க மாட்டாங்க."
ஒரு லாரி ஏறி இறங்கும் நேரம் கழித்து,
"குடிச்சிருக்கேன்" என்றார்.

வேலாண்டி எங்கே என்று கேட்டேன்.
சூளையை மூடிவிட்டார்கள் என்றார்.

பேனா கேட்டார்.
டிக்கெட்டுக்குப் பின்னால் பேர் எழுதிக்குங்க என்று
எல்லோருக்கும் நான் நீட்டுகிற பேனா.
எழுதினால் விலை போகாது என்று
சொல்லாமல் விட்டேன் எனப் பெருமை பேச முடியாது.
சொன்னேன். இரண்டு தடவை.
அவர் காதில் விழவில்லை,
அல்லது விழுந்தது.

இன்னாசியை அடிக்கவில்லை. அதற்கு மேலே,
பிலிமில் கீறல் விழுந்த இடத்தில்,
வே போட்டு, லா போட்டுக்கொண்டிருக்கும்போது
வெளியே ஹாரன்.
பேனாவோடு எழுந்து போனார்.
பதினோரு டன் நானூறு என்று
யாருக்கோ கத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் கோயமுத்தூர்க்காரர் போன்.
அட்டை சுத்தமா இருக்குங்களா?
பேர் எழுதியிருக்கு என்றேன்.
யார் பேரு?
பாதிதான் இருக்கு என்றேன்.